ஒருவர் மரமும் இருவர் மரமும்

கடலில் செலுத்தும் கயாக் ஒன்றை வாங்க நினைப்பவர், விலைக்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதில் ஒருவர் அமர்வதா, இருவர் அமர்வதா? நெல்லிக்குப்பத்திலிருந்தும் நெய்வேலி நகரியத்திலிருந்தும் விடுமுறை நாட்களில் கடலூர்க் கரைக்குப் போய்வரும் நண்பர்களிடையே இவ்வாதம் சில காலமாக நடந்துவருகிறது. தனியாள் படகே விடுதலை என்பது ஒரு கட்சி. வலியவரும் மெலியவரும் சேர்ந்து போக இருவர் படகே உகந்தது என்பது எதிர்க்கட்சி. துடுப்புகள் ஒன்றோடொன்று மோதி, பிழை யாருடையது என்று இரு இருக்கைகளுக்கிடையே சண்டை மூள்வது வழக்கமாதலால், மேலைநாட்டார் இருவர் கயாக்கை ‘மணமுறிவுப் படகு’ என்று கேலியாக அழைப்பதுண்டு. அதைச் சொல்லித் தனியாள் கட்சியினர் சிரிப்பார்கள்.

இவ்வாதத்தில் நடுவராக அமர்வது நம் நோக்கமன்று. ஆனால் வாதிடுவோர் இரு திறத்தாரும் இக்கேள்வி வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் படகோடு வந்திறங்கியது என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. அவர்கள் நின்று வாதிடும் அதே மணலில், அதே கேள்விக்குக் கட்டுமரத்தைக் கொண்டு பல நூற்றாண்டுகளாக விடை சொல்லிவந்திருக்கிறார்கள். அவ்விடைகள் எழுத்திலும் பதிவாகியுள்ளன.

நெல்லிக்குப்பத்தின் பெயரில் குப்பம் இருக்கிறது, கடல் இல்லை. கடற்கரையில் குப்பம் என்றால் மீனவர் ஊர். உள்நாட்டில் வெறும் சிற்றூர். தெற்கே கெடிலமும் வடக்கே பெண்ணையாறும் ஓடும் இக்கரும்புப் பூமியிலிருந்து கடல் கிழக்கே 10, 12 கிலோமீட்டர் தொலைவுதான். ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842-இல் தொடங்கியது. அந்நிறுவனத்தை 1788-இல் சென்னையில் தொடங்கிய தாமஸ் பாரி 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலராவுக்கு இரையாகி, கடலூர்க் கிறிஸ்து ஆலயத்தில் அடக்கமானார். வணிகம், கோட்டை, கல்லறை எல்லாம் கடலூரை நோக்கியே போனதற்குக் காரணம் அங்கிருந்த துறை. 1690-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டதும் அத்துறைக்காகவே.

துறை என்று சொன்னோமே தவிர, சோழமண்டலக் கரையில் கப்பல் வந்து அணையத்தக்க இடம் அரிது. கரை நெடுகிலும் ஒரே நேர்கோடு. மலைமறைவோ குடாவோ கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் வரிசை வரிசையாக மடிந்து உடையும் அலைகள். கப்பலின் சொந்தப் படகு அவ்வலைகளுக்குள் நுழைந்தால் பலகை பலகையாகப் பிளந்து கரையேறும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு அதைத் தாங்கும். அதுவும் அஞ்சும் நாளில் கட்டுமரம் மட்டுமே போகும். அடைத்து மூடிய வயிறு இல்லாததால் அதில் நீர் நிரம்ப இடமில்லை, மூழ்கவும் வழியில்லை. அலை மேலே புரண்டு மரக்கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். இன்று கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும் ‘மேலே அமரும்’ வகைக் கயாக்கில் நீர் வடிவதற்குத் துளைகள் வைத்திருப்பதைக் காணலாம். உடலை உறைபோல் மூடும் வடதுருவக் கயாக்கைவிடக் கட்டுமரத்துக்கே இது நெருங்கிய உறவு என்பது நம் எண்ணம்.

இனி, ஒருவரா இருவரா?

நமக்குக் கிடைக்கும் பழைய ஆங்கிலச் சாட்சி வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளையராய் உலகைச் சுற்றியவர். 1690-இல் சென்னைக் கோட்டையில் சில மாதம் தங்கியவர். 1697-இல் வெளியான தம் பயண நூலில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் கண்ட தெப்பங்களைப் பற்றி எழுதும்போது அவருக்குச் சோழமண்டலத்தின் நினைவு வருகிறது. ஒரே மரம், சில வேளை இரண்டு. பாய் இல்லை, சுக்கான் இல்லை. ஓர் ஆளுக்குமேல் தாங்காது. அவ்வாளின் கால்கள் எப்போதும் நீரில். தொலைவிலிருந்து பார்த்தால் மீனின் முதுகில் மனிதன் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும் என்கிறார். பெருவில் நின்றுகொண்டு நம்மூர் மீனவனை நினைத்த அந்தக் கொள்ளையரிடம் நமக்குச் சிறிது பிரியம் உண்டாவதை மறைக்க முடியவில்லை.

அடுத்த சாட்சி மரியா கிரகாம். 1810-இல் சென்னைக்கு வந்தவர், 1812-இல் தம் இந்தியக் குறிப்புகளை நூலாக்கினார். அவர் காண்பது இருவர் மரம். இரண்டு இலேசான மரங்களைச் சேர்த்துக் கட்டி, ஒரு முனையில் முகப்புக்காகச் சிறு துண்டு செருகியிருக்கிறார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயவைக்கிறார்கள், உலர்ந்தால்தான் மிதக்கும். பெரும்பாலும் இருவர் ஏறி, வேறெந்தப் படகும் போகத் துணியாத கடலில் கப்பல்களுக்குக் கடிதமும் சிறிது உணவும் கொண்டுபோகிறார்கள். தலையில் பாயால் முடைந்த கூம்புக் குல்லாய், கடிதங்கள் அதனுள். ஆளைப் பத்து முறை அலை அடித்துப் போனாலும் கடிதம் நனைவதில்லை, ஆளும் நீந்தி மரத்தைப் பிடித்துவிடுகிறான் என்று வியக்கிறார்.

டாம்பியருக்கும் கிரகாமுக்கும் இடையில் நூற்றிருபது ஆண்டுகள். இதற்குள் ஒருவர் மரம் வளர்ந்து இருவர் மரம் ஆயிற்று என்று எவரேனும் பரிணாமக் கதை எழுதினால் அதை நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மணலில் கிடந்தவை. டாம்பியர் கண்டது தூண்டிற்காரரின் மரம்; கிரகாம் கண்டது தபால்காரரின் மரம். வேலை வேறு, ஆள்கணக்கும் வேறு.

தபாலுக்கு ஏன் இருவர்? நமக்குத் தோன்றும் காரணம் இது. உடையும் அலையை நேர்முகமாக எதிர்கொள்ள வேண்டும். சற்றே குறுக்காகத் திரும்பினாலும் மரம் உருண்டுவிடும். தனியாள் தூக்கியெறியப்பட்டால் ஆளற்ற மரத்தை அடுத்த அலை கரைக்குக் கொண்டுபோய்விடும். அவன் எவ்வளவு வேகமாய் நீந்தினாலும் அலையை முந்த முடியாது. அணியத்தில் ஒருவரும் அமரத்தில் ஒருவரும் மண்டியிட்டிருந்தால், ஒருவர் விழும்போது மற்றவர் மரத்தைப் பிடித்து நிறுத்தலாம். விழுந்தவர் திரும்பி ஏறும்வரை கடிதம் எங்கும் போய்விடாது. கும்பினியாருக்கு முக்கியம் கடிதம். ஏறுபவர்களுக்கு முக்கியம் மற்றவருடைய கை.

கயாக் பயிற்றுநர்கள் இன்று சொல்வதும் ஏறத்தாழ இதேதான், ஆனால் முடிவு தலைகீழ். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, நீரிலிருப்பவரை ஏற்ற, கவிழாத இன்னொரு கயாக் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆகவே நண்பர்கள் இருவர் போவதானால் தனித்தனிப் படகில் போனால் ஒருவரை ஒருவர் மீட்கலாம். ஒரே இருவர் படகில் போனால், கவிழும்போது இருவரும் சேர்ந்தே நீரில். கட்டுமரத்தில் இக்கணக்குப் பொருந்தாததற்குக் காரணம் அதற்கு உள்ளே, வெளியே என்ற பேதமே இல்லாததுதான்.

கயாக்கின் தாயகத்திலும் இவ்விரு விடைகளும் உண்டு. கிரீன்லாந்து இன்யூட் மக்களின் கயாக் ஒருவருடையது. சட்டை தைப்பதுபோல் உரியவனின் உடலளவை எடுத்துச் செய்வது. இன்னொருவன் அதில் நுழைவதே கடினம். ஆனால் அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகளில் தோற்படகின் மேற்பரப்பில் ஒரு துளையும் உண்டு, இரு துளையும் உண்டு. இரு துளைப் படகில் பின்னவர் துடுப்பால் படகை அசையாமல் நிறுத்த, முன்னவர் கடல்நாய்மீது எறிவேலை வீசுவார். துடுப்புப் பிடித்த கையால் வேலும் எறிய முடியாது என்ற எளிய உண்மையிலிருந்து பிறந்தது இரண்டாம் துளை.

பிறகு ரஷ்யர்கள் வந்தார்கள். 1741-இல் பேரிங்கின் பயணத்துக்குப் பின் மென்மயிர்த் தோலுக்காகத் தீவுதீவாக இறங்கிய வணிகர்கள், அத்தீவு மக்களையே கட்டாய வேட்டைக்கு அனுப்பினார்கள். படகில் மூன்றாவது துளை ஒன்று அக்காலத்தில்தான் பெருகியது. முன்னும் பின்னும் தீவினர் இருவர் துடுப்பு வலிக்க, நடுத்துளையில் அதிகாரியோ பாதிரியாரோ வணிகரோ கைகட்டி அமர்ந்திருப்பார். முதல் துளை பிழைப்புக்கு, இரண்டாவது துணைக்கு, மூன்றாவது துரைக்கு. சென்னைக் கரையில் துரைகளும் துரைசானிகளும் மசூலாவின் நடுவில் அமர்ந்து அலை தாண்டிய சித்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. அவர்களோடு கூடவே கட்டுமரங்கள் போவதும் உண்டு, விழுந்தால் எடுப்பதற்கு.

இங்கே சொல்லின் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்ப் படாதபாடு பட்டது. 1804-இல் பூலோன் துறைமுகத்துப் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிமருந்துப் பெட்டிகளுக்கு அப்பெயர் வைத்தார்கள். சண்டைக்காரப் பெண்ணுக்கும் அதையே வசைப்பெயராக்கினார்கள். 1876-இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகைக் கட்டி எல்லாரையும் முந்திய பிறகு, இரட்டை உடல் படகு எதுவாயினும் ‘கேட்டமரான்’ ஆயிற்று. நம் சொல்லில் இருப்பது கட்டு. அவர்கள் அதற்குத் தந்த பொருள் இரண்டு. எண்ணிக்கை எதுவாயினும் சேர்த்துக் கட்டலாம் என்பதே கட்டுமரத்தின் உயிர்நாடி. அதை இரண்டில் நிறுத்திவிட்டது ஆங்கிலம்.

கட்டு அவிழ்க்கத்தக்கது என்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கயாக் வாங்குபவர் கடையிலேயே முடிவெடுத்தாக வேண்டும். பிறகு மாற்ற இயலாது. சோழமண்டல மீனவர் கடலையும் காற்றையும் கூடவரும் ஆளையும் பார்த்துக் கட்டினார். சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இக்கரையின் கட்டுமர வகைகளை விரிவாக விவரிக்கிறார். சிறியவை கரையோரத் தூண்டிலுக்கு. பெரியவற்றில் பெரியது ஏழு மரம் சேர்த்துக் கட்டிய கோலா மரம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஆழ்கடலுக்குப் போய், இலைக்கொத்துகளை மிதக்கவிட்டு, அதில் முட்டையிட வரும் பறவைக்கோலா மீன்களை அள்ளிவருவது அதன் வேலை. தெற்கே குமரிக் கரையின் தட்டுமடி இன்னொரு விதம்: இரண்டு மரங்கள் விலகி நின்று ஒரே மடியை இழுக்க வேண்டும். அங்கே இருவர் என்பது ஆளை மட்டுமன்றி மரத்தையும் குறிக்கும்.

ஆள் கூடினால் பங்கும் கூடும். மரத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஊர் விகிதம் மாறினாலும், பிடித்ததைப் பிரித்தாக வேண்டும் என்பது மாறாது. இருவர் மரம் அப்பனும் மகனுமாய்ப் போகும்போது பள்ளிக்கூடமாகவும் இருந்தது. அணியத்தில் இருக்கும் பையன் அலையை முதலில் வாங்குவான். பின்னாலிருந்து அப்பன் மரத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருவர் மரத்தில் பங்கு கேட்க ஆளில்லை, கற்றுத்தரவும் ஆளில்லை. பெருவலைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாத முதியவரும், வலை வாங்க வழியற்றவரும், கூட்டாளியோடு பிணங்கியவரும் ஒரு தூண்டிற்கயிற்றோடு அதில் ஏறிப் போய், மாலைச் சோற்றுக்கு ஆனதைக் கொண்டுவர முடிந்தது. கயாக் கட்சிக்காரர் விடுதலை என்று சொல்வதை அவர்கள் விடுதலை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். யாரிடமும் போய் நிற்காமல் அன்றைய பொழுது கழிந்தது, அவ்வளவே.

கயாக்கே இக்கடலில் வந்துபோன கதையும் உண்டு. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் வேலையின்றி 1932-இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸில் செப்புச் சுரங்க வேலை தேடிப் புறப்பட்டவர், போகிற போக்கில் ஆஸ்திரேலியாவரை போவதென்று முடிவுகட்டினார். யூப்ரடீஸ் வழியே பாரசீக வளைகுடா, இந்திய மேற்குக்கரை, 1935-இல் இலங்கை, பிறகு இந்தியக் கிழக்குக்கரை வழியே பர்மா என்று அவர் வழி சென்றது. ஏழாண்டுகளுக்குப்பின் 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லைத் தீவான சைபாயில் கரையேறியபோது போர் தொடங்கியிருந்தது. பகைநாட்டவர் என்று கைது செய்து முகாமில் அடைத்தார்கள். அவர் புறப்பட்ட கயாக் இருவருக்காகச் செய்யப்பட்டது. ஓர் ஆளுக்கும் அவர் மூட்டைகளுக்கும் ஏற்றவாறு அதை மாற்றியமைத்துக்கொண்டார். மற்றோர் ஆள் அமர வேண்டிய இடத்தில் உணவும் குடிநீரும். 1956-இல் அட்லாண்டிக்கை 72 நாட்களில் கடந்த மருத்துவர் ஹான்னஸ் லிண்டமனும் இருவர் மடக்குக் கயாக்கில்தான் தனியாகச் சென்றார். நெடுந்தொலைவு தனியே போகிறவருக்கு இருவர் இடம் தேவைப்படுகிறது. தூரம் கூடக்கூடத் தண்ணீரே ஓர் ஆள் கனம் கனக்கும்.

ஸ்பெக் கண்ட கரையில் கட்டுமரங்கள் நிறைந்திருந்தன. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கட்டுமரத்துக்கு மாற்று தேடத் தொடங்கியபோதே, அதற்கான மென்மரம் கிடைப்பது அருகிவந்தது. கண்ணாடியிழைக் கட்டுமரம் வந்தது. இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மரங்களில் பல உடைந்தன, பல காணாமற்போயின.

அதன்பின் வந்த உதவி மனமுவந்து வந்த உதவிதான். குறைசொல்ல நா எழவில்லை. ஆயினும் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். தொண்டு அமைப்புகள் கொடுத்த கண்ணாடியிழைப் படகுகளில் பல, சிலர் சேர்ந்த குழுவுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. சொந்தமாய் ஒரு சிறு மரம் வைத்திருந்தவர் நால்வரில் ஒருவரானார். படகுக்கு மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டும். பங்காளிகள் ஒத்துப்போக வேண்டும். இழுக்கவும் தள்ளவும் உடலில் வலு வேண்டும். படகு பெரியது, மீன் அதிகம், இலாபமும் ஒருவேளை அதிகம். ஆனால் வலுக்குன்றிய ஓர் ஆள் விடியலில் தன்னந்தனியே தூக்கிக் கட்டி இறக்கக்கூடிய ஒன்று அந்தப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெற்றது. வந்த படகுகளின் எண்ணிக்கை போதாது என்று எவரும் அப்போது சொல்லவில்லை. கடல் தாங்காத அளவு படகுகள் வந்துவிட்டன என்றே மீன்வள அறிஞர்கள் கவலைப்பட்டார்கள். தேவைப்பட்டது எத்தனை படகு என்ற கணக்கோடு ஒரு படகுக்கு எத்தனை ஆள் என்ற கணக்கும்.

கயாக் வாங்கும் நண்பர்களுக்கு நடைமுறையாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. இருவர் படகு நீளம் மிகுந்தது, இரண்டு துடுப்பு வலிப்பது. ஆகையால் வேகமும் நிலைப்பும் கூடும். களைத்தவரையோ புதியவரையோ குழந்தையையோ முன்னிருத்தி அழைத்துச் செல்ல அதைவிட நல்லதில்லை. நீந்தத் தெரிந்து, சம வலுவுள்ள இருவர் என்றால் இரண்டு தனிப்படகுகளே மேல். கொண்டல் வீசும் நாளிலும் வாடை தொடங்கிய பிறகும் இரண்டும் கரையிலேயே இருப்பது மேல்.

இவ்விரண்டுக்கும் நடுவே இப்போது ஒன்று விற்கிறார்கள். இருவர் அமரும் மேல்வகைக் கயாக்கில் இருக்கைகளைக் கழற்றி, நடுவில் ஒன்றைப் பொருத்தித் தனியாளும் செலுத்தலாம். அலூஷியத் தீவுகளில் துரை அமர்ந்த அதே நடு இடம். இங்கே அமர்பவரே துடுப்பும் வலிக்க வேண்டும். கட்டை அவிழ்த்துக் கட்டிய நம் முன்னோரின் முறைக்கு ஓரளவு நெருங்கிவருவதால் அதை நாம் விரும்புகிறோம். ஒரே சிக்கல், அத்தகைய படகு பெரும்பாலும் 30 கிலோவுக்குமேல் இருக்கும். கடலில் ஒருவர் செலுத்திக்கொள்ளலாம். தேவனாம்பட்டினத்து மணலைத் தாண்டி அதை நீர்வரை கொண்டுபோக இன்னொருவரைக் கூப்பிட்டாக வேண்டும்.